இரட்சணிய யாத்திரிகத்தில் அருளும் விடாமுயற்சியும்

முன்னுரை

மீட்பு இறையருளால் மட்டுமே கிட்டுமெனில் மனித முயற்சிக்கு இடம் யாது? அருளைப் பெற்றவன் இடையில் வீழ்ந்துவிடக் கூடுமா? மரண வேளையில் அச்சம் எழுமாயின் அது நம்பிக்கையின்மைக்கு அடையாளமா? கிறித்தவ இறையியல் நெடுங்காலமாக விவாதித்து வரும் இவ்வினாக்களைத் தமிழ்க் காப்பிய மரபுக்குள் கொணர்ந்தவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827-1900). அவரது இரட்சணிய யாத்திரிகம் (1894) இவற்றுக்குத் தரும் விடையை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

கவிஞரின் பின்புலம்

நெல்லைச் சீமையின் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணபிள்ளை, கம்பராமாயணத்தில் ஆழ்ந்த பயிற்சி உடையவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றிய பின்னர், 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். அவர் பிறந்த வைணவ மரபிலும் அருள் பற்றிய விவாதம் உண்டு. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியை வடகலையாரும், தாயால் கவ்விச் செல்லப்படும் பூனைக்குட்டியைத் தென்கலையாரும் உவமையாகக் காட்டுவர். ஆகவே, அருள், சரணாகதி ஆகிய கருத்துகள் கவிஞருக்குப் புதியவை அல்ல எனலாம்.

மூலநூலும் காப்பியமும்

ஆங்கிலேயரான ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட உரைநடை உருவகக் கதையே இக்காப்பியத்தின் மூலம். திருச்சபையின் அனுமதியின்றிப் போதித்தமைக்காகப் பனியன் ஏறத்தாழ 12 ஆண்டுகள் சிறையில் இருந்தார். அருள் பெற்றோரை இறைவன் இறுதிவரை காப்பான் என 1618-19-இல் கூடிய டார்ட் சங்கம் வகுத்த கொள்கை அவர் சார்ந்த மரபுக்கு உரியது. அக்கொள்கையை அவர் ஒரு காட்சியால் விளக்குகிறார். சுவரோரம் எரியும் நெருப்பை ஒருவன் நீரூற்றி அணைக்க முயல்கிறான். அதுவோ மேலும் ஓங்கி எரிகிறது. சுவரின் மறுபுறம் மறைந்து நின்று ஒருவர் இடையறாது எண்ணெய் வார்ப்பதே அதற்குக் காரணம். விடாமுயற்சி மனிதனிடம் வெளிப்பட்டாலும் அதன் ஊற்று அருளே என்பது இதன் கருத்து.

கிருஷ்ணபிள்ளை இக்கதையை ஐந்து பருவங்கள் கொண்ட விருத்தக் காப்பியமாக்கினார். மூலத்தில் விரிவாக இடம்பெறாத கிறிஸ்துவின் பாடுகளைத் தம் நூலில் விரித்துப் பாடினார். பக்தி உருக்கம் மிக்க தேவாரப் பாடல்களையும் ஆங்காங்கே அமைத்தார். இதனால், பயணியின் உழைப்புக்கு முன்னரே இறைவனின் தியாகம் நிகழ்ந்துவிட்டது என்னும் உண்மை கதையின் அடித்தளமாகிறது.

மரண ஆறு

பயணத்தின் முடிவில் பாலமற்ற ஆறு குறுக்கிடுகிறது. மூலக்கதையில், இத்துணை இடர்களையும் கடந்து வந்த பயணி இவ்வாற்றில் அஞ்சி மூழ்கத் தொடங்குகிறான்; நம்பிக்கை என்னும் தோழனே அவன் தலையை நீருக்கு மேல் தாங்குகிறான். அறியாமை என்னும் பாத்திரமோ வீண்நம்பிக்கை என்னும் ஓடக்காரனின் துணையால் எளிதாகக் கரையேறுகிறான். எனினும் நகர வாயிலில் அவனுக்கு அனுமதி மறுக்கப்படுகிறது. இவ்விரு காட்சிகளையும் ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலப்படும். அமைதியான மரணம் அருளுக்குச் சான்றன்று. கலங்கிய மரணம் கைவிடப்பட்டமைக்கு அடையாளமும் அன்று. மறுமை பற்றிய உறுதி, பற்றுபவனின் வலிமையில் இல்லை. தாங்குபவனின் உண்மையில் உள்ளது.

முடிவுரை

கிள்ளான் பள்ளத்தாக்கிலும் இவ்விவாதத்துக்கு வேர்கள் உண்டு. 1924-இல் எழுந்த பிரிக்பீல்ட்ஸ் சீயோன் லுத்தரன் ஆலயம், 1706-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய தமிழ் லுத்தரன் மரபின் வழிவந்தது. அருளால் மட்டுமே மீட்பு என்பதில் லுத்தரன் மரபு பனியனோடு உடன்படும். ஆயினும், நம்பிக்கை கொண்டவனும் வீழக்கூடும் என்று அது எச்சரிக்கும். இவ்வேறுபாடுகளுக்கு இடையிலும் ஆற்றங்கரைக் காட்சி பொதுவானது. நோயுற்றோரின் படுக்கையருகே அமர்ந்து, அவர்தம் அச்சத்தைக் குற்றமாகக் கருதாது ஆறுதல் கூற விழைவோர்க்கு இக்காப்பியம் இன்றும் துணையாகும். இதனைக் கம்பனின் சாயல் கொண்ட நூலாக மட்டும் கற்பிப்பது போதாது. தமிழில் எழுந்த இறையியல் சிந்தனையாகவும் கற்பித்தல் வேண்டும்.