ரேடியேட்டர் மூடியில் இருந்த முள் கம்பிக்குள் போன கதை



போன ஆடியில எங்க பண்ணைக்குட்டையை ஆழப்படுத்த ஒரு பொக்லைனை வாடகைக்குக் கொண்டு வந்தோம். பொக்லைன் என்பது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பேரு. ஆனா எங்க ஊர்ல நீளக் கையும் செயினும் இருந்தா எந்த வண்டியும் பொக்லைன்தான்.

ரெண்டாம் நாள் மதியம் டிஸ்ப்ளேயில சிவப்பு விளக்கு எரிஞ்சது. கூடவே விடாம பீப் சத்தம். சூடு காட்டுற முள் உச்சியில நிக்குது, கீழே "110 - 4" என்று ஒரு நம்பர். இன்ஜின் தானாகவே பவரைக் குறைச்சுக்கிச்சு. "நூத்திப்பத்து டிகிரி ஆயிடுச்சுண்ணே" என்றான் ஆப்பரேட்டர் தம்பி. ஆனா ரேடியேட்டர் பக்கம் கையைக் கொண்டு போனா அப்படி ஒண்ணும் அனல் அடிக்கலை. டேங்கில கூலன்ட்டும் சரியா இருந்தது. அப்போ சென்சார்தான் போயிருக்கும்னு டவுன்ல இருந்து புதுசு வாங்கி மாட்டினோம். அதே பீப். இன்னொண்ணு வாங்கினோம். அதே கதை. மூணு நாள் போயிடுச்சு. மேற்கே மேகம் வேற கட்டுது.

அந்த மூணு நாளும் வரப்புல உட்கார்ந்து ஒண்ணுதான் யோசிச்சேன். ஒரு இன்ஜின் சூடாயிடுச்சா இல்லையான்னு தெரிஞ்சுக்க மனுஷன் இவ்வளவு கஷ்டப்படணுமா? அதுக்கப்புறம் தேடிப் படிச்சதைத்தான் இங்கே எழுதுறேன்.

ஆரம்பத்துல மீட்டரே கிடையாது. மூடியில் இருந்து ஆவி பறந்தா சூடு, அவ்வளவுதான். ஃபோர்டின் மாடல் டி கார் பல வருஷம் அப்படித்தான் ஓடியது. 1912-ல் அமெரிக்காவில் ஹாரிசன் பாய்ஸ் என்பவர் ரேடியேட்டர் மூடி மேலேயே ஒரு தெர்மாமீட்டரைப் பொருத்தக் காப்புரிமை வாங்கினார். பேரு மோட்டோமீட்டர். சீட்டில் உட்கார்ந்தபடியே கண்ணாடி வழியாப் பார்த்துக்கலாம்.

அடுத்து முள் டேஷ்போர்டுக்கு வந்தது. 1849-ல் பிரான்சில் யூஜின் பூர்தோன் கண்டுபிடித்த வளைந்த குழாய்தான் அதுக்கு ஆதாரம். உள்ளே அழுத்தம் கூடினா குழாய் நிமிரும், முள் நகரும். இன்ஜினுக்குள்ள ஒரு சின்னக் குமிழ், அதில் இருந்து மீட்டர் வரைக்கும் மெல்லிய செம்புக் குழாய், உள்ளே சூட்டில் ஆவியாகும் திரவம். பழைய டிராக்டர்களில் இதைப் பார்த்திருப்பீங்க. இதில் கரன்ட்டே கிடையாது. குழாய் ஒடிஞ்சா மீட்டர் செத்தது, வேற சந்தேகத்துக்கு இடமில்லை.

மூணாவதா வந்ததுதான் கம்பி. பெரும்பாலான உலோகம் சூடானா மின்தடை கூடும். ஆனா சில்வர் சல்ஃபைடு சூடாக ஆக மின்தடை குறையுதுன்னு 1833-லேயே மைக்கேல் ஃபாரடே கவனிச்சிருக்கார். கிட்டத்தட்ட நூறு வருஷம் கழிச்சு, 1930-ல் சாமுவேல் ரூபன் அந்தக் குணத்தை வெச்சு விற்பனைக்கு ஏத்த தெர்மிஸ்டரைச் செய்தார். இன்னிக்கு கூலன்ட் சென்சாருக்குள்ள இருக்கிறது அதுதான். பரவலா இருக்கிற ஒரு ரகத்துல 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 320 ஓம்.

கடைசியா கம்ப்யூட்டர். 1986-ல் பாஷ் கம்பெனி 'கேன்' என்ற முறையை வெளியிட்டது. ரெண்டே கம்பியில் வண்டியோட எல்லாப் பெட்டிகளும் பேசிக்கலாம். 1990-களில் லாரிக்கும் கனரக வண்டிக்கும் ஜே1939 என்ற பொது மொழி வந்தது. இப்போ சென்சார் முள்ளோட நேரா பேசுறதில்லை. இன்ஜின் கம்ப்யூட்டர் 5 வோல்ட் அனுப்பும். சென்சார் சூடானா வோல்ட் இறங்கும், அதைக் கணக்குப் போட்டு கம்ப்யூட்டர்தான் டிஸ்ப்ளேக்குச் சொல்லும்.

இங்கேதான் எங்க தப்பு. நாலாம் நாள் பக்கத்து ஊர் மெக்கானிக் மாமா வந்தார். ஆயில் இன்ஜின் காலத்து ஆள். நம்பரைப் பார்த்ததும் சிரிச்சார்.

"மாப்ளே, இது டிகிரி இல்ல. 110னா கூலன்ட் சூடுங்கிற விஷயத்தோட நம்பர். பக்கத்துல இருக்கிற நாலுதான் நோய். நிஜமாவே கொதிச்சிருந்தா சைபர் வரும். மூணு வந்தா வோல்ட் அளவுக்கு மேல, கம்பி அறுந்திருக்கலாம். நாலுன்னா வோல்ட் கீழ, எங்கேயோ பாடியில இடிச்சு ஷார்ட்டாகுது."

சாவியை ஆன் பண்ணிட்டு சென்சார் பிளக்கைக் கழட்டினார். சென்சார் கெட்டிருந்தா, கழட்டினதும் நாலு போய் மூணு வரணும். முள் கடுங்குளிர் பக்கம் விழணும். ஒண்ணும் மாறலை. மல்டிமீட்டரை வெச்சார். 5 வோல்ட் இருக்க வேண்டிய பிளக்குல சைபர். "உன் சென்சார் மூணுமே நல்லாத்தான்யா இருக்கு" என்றார். எனக்கு நம்பிக்கை வரலை. வீட்டில் இருந்து வெந்நீர் கொண்டு வரச் சொல்லி, கழட்டிப் போட்ட பழைய சென்சாரை முக்கிக் காட்டினார். ஆயிரத்துச் சொச்சம் ஓம் கடகடன்னு இருநூத்துச் சொச்சத்துக்கு இறங்கிச்சு.

அப்புறம் கம்பியைக் கையாலேயே தடவிக்கிட்டுப் போனார். ஒரு இடத்துல கிளாம்ப் இல்லை. அங்கே கம்பிக் கட்டு இரும்பு பிராக்கெட்டுல உரசி உரசித் தோல் போய், செம்பு பளிச்சுன்னு தெரிஞ்சது. ஒட்டி, ஸ்லீவ் போட்டு, கட்டினார். பீப் நின்னுச்சு. முழுசா ஒன்றரை மணி நேர வேலை.

டெஸ்ட் லாம்ப் வெச்சு இதையெல்லாம் சோதிக்கக் கூடாது, கம்ப்யூட்டர் போயிடும்னும் சொன்னார். இன்னொண்ணும் சொன்னார்: "சூடில்லாம சூடுன்னு கத்தினா உனக்கு நாலு நாள்தான் நஷ்டம். கூலன்ட் வடிஞ்சு சென்சார் காத்துல நின்னா, இன்ஜின் வெந்துக்கிட்டிருக்கும்போதும் முள் சும்மா இருக்கும். அப்போ போறது ஹெட்டு."

பழைய மீட்டர் கெட்டா சும்மா இருந்தது. புது மீட்டருக்குக் கம்பியும் கம்ப்யூட்டரும் சேர்ந்ததால, கெட்டாலும் பேசுது. ஆனா எங்கே கெட்டதுன்னும் அதுவே சொல்லிடுது. எங்க வண்டி முதல் நாளே ஒத்தை நம்பர்ல சொல்லிடுச்சு. படிக்கத்தான் எங்களுக்குத் தெரியலை.

அஞ்சாம் நாள் ராத்திரி மழை பிடிச்சிக்கிச்சு. குட்டையோட கிழக்குப் பக்கம் இன்னும் மேடாத்தான் கிடக்கு. தேவைப்படாத ரெண்டு சென்சாரும் வீட்டு மாடத்துல, விளக்குப் பக்கத்துல இருக்கு.