சுவரொட்டியும் வாக்குறுதியும்

போர்முனையிலே படைகள் பொருதிக்கொண்டிருக்கும் காலத்தில், ஊரிலே தங்கிவிட்ட முதியோரும் பெண்டிரும் தொழிலாளரும் மனந்தளராதபடி காப்பதும் அரசாங்கத்தின் கடமையாகிவிடுகிறது. அக்கடமையை நிறைவேற்ற, இரண்டு மகாயுத்தங்களிலும் பிரிட்டன் பெரிதும் நம்பிய சாதனங்களுள் ஒன்று சுவரொட்டி. அதன் சரித்திரத்தை ஊன்றிப் பார்ப்போர், மக்களிடம் தியாகத்தைக் கேட்பவர் எந்த உரிமையோடு, எந்தக் குரலில் கேட்கவேண்டும் என்ற பெரிய தர்மத்தையே அதில் காணலாம்.

முதல் யுத்தத்தில் 1916ஆம் ஆண்டு வரை கட்டாய ராணுவ சேவை இல்லாமையால், ஆடவரைத் தாமாகவே படையில் சேரச் செய்யவேண்டியிருந்தது. 1915இல் சேவில் லம்லி வரைந்த சுவரொட்டியில், நாற்காலியில் அமர்ந்த தந்தையை மடியிலிருக்கும் சிறுமி, மகாயுத்தத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று வினவுகிறாள். மகனோ காலடியில் பொம்மைச் சிப்பாய்களை அடுக்கி விளையாடுகிறான். உள்ளத்தை உடனே சுடுகின்ற சித்திரம் அது. ஆயினும், குழந்தையின் வாயால் தந்தையை நாணச் செய்து படைக்கு அனுப்பும் முறை நெடுநாள் நிலைக்கத் தக்கதன்று.

1939இல் இரண்டாம் யுத்தம் மூண்டதும், புதிதாக அமைந்த தகவல் இலாகா, அரசரின் கிரீடத்தை உச்சியில் தாங்கிய சுவரொட்டிகளை வெளியிட்டது. உங்கள் துணிவும் மகிழ்ச்சியும் உறுதியும் எமக்கு வெற்றி தரும் என்ற பொருள்பட அமைந்த வாசகத்தைப் படித்த ஜனங்கள், உழைப்பது நாம், வெற்றி பெறுவது அவர்களோ என்று மனம் கசந்தனர். அமைதி காத்துப் பணியைத் தொடரச் சொன்ன மற்றொன்று ஏறத்தாழ 25 லட்சம் பிரதிகள் அச்சாகியும், பெரும்பகுதி வெளியே ஒட்டப்படாமலே 1940இல் கூழாக்கப்பட்டது.

அதன்பின் வந்த சித்திரக்காரர்கள் மேடையிலிருந்து இறங்கி மக்களிடையே நின்று பேசினார்கள். முந்திய யுத்தத்தில் கல்லிப்போலியில் படுகாயமுற்றவரும், ஃபூகாஸ் என்ற புனைபெயர் கொண்டவருமான சிரில் கென்னத் பேர்ட், வாயடக்கத்தை வற்புறுத்தும் பொருட்டு, ஊர்வம்பு பேசிக்கொண்டே பிரயாணம் செய்யும் இரு பெண்களின் பின்னிருக்கையில் பகைவர் தலைவர்களான ஹிட்லரையும் கோரிங்கையும் உட்கார்த்திவைத்தார். வெற்றிக்காக மண்ணைத் தோண்டுங்கள் என்ற இயக்கமோ, கடற்போரினால் உணவு இறக்குமதி குன்றிய தேசத்திலே புல்வெளிகளைக் காய்கறித் தோட்டங்களாக்கியது. லண்டன் கோபுரத்தின் அகழியில்கூடக் காய்கறி விளைந்தது. போர் தொடங்கியபோது 8 லட்சத்துக்குச் சற்று மேற்பட்டிருந்த குத்தகைத் தோட்டத் துண்டுகள் 1943க்குள் ஏறத்தாழ 14 லட்சமாயின. அச்சமும் வெட்கமும் மட்டுமே தூண்டுகோலாயின் இத்தனை பேர் மண்வெட்டியை ஏந்தியிரார். தம் கையின் உழைப்பால் தம் தட்டு நிறைகிறது என்ற பிரத்தியட்ச அனுபவமே அவர்களை உந்தியது.

இவ்வரிசையில் என் சிந்தையை மிகக் கவர்பவர் ஏப்ரம் கேம்ஸ். யுத்த அலுவலகத்துக்காகச் சுமார் நூறு சுவரொட்டிகள் வரைந்த இவர், 1942இல் ஒன்றில், லண்டன் ஃபின்ஸ்பரி வட்டாரத்தின் புதிய சுகாதார நிலையத்தை ஒளிபொருந்தத் தீட்டி, அதன் பின்னணியில் இடிந்த சுவரையும், நோயால் மெலிந்த ஏழைச் சிறுவனையும் காட்டி, இந்தப் பிரிட்டனுக்காகவே போராடுங்கள் என்றார். பழைய வறுமையை இப்படி வெளிப்படையாக எழுதிக் காட்டியதைப் பிரதம மந்திரி சர்ச்சில் பொறுக்கவில்லை; சுவரொட்டி விலக்கப்பட்டது.

ஆனால் அச்சித்திரம் சொன்ன உண்மையை விலக்க எவராலும் இயலவில்லை. வறுமையையும் நோயையும் ஒழிக்கும் திட்டத்தை வகுத்த பெவரிட்ஜின் அறிக்கை அதே ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. 1945 தேர்தலில் தொழிற்கட்சிக்கு மக்கள் பெருவெற்றி அளித்தனர். 1948 ஜூலை 5ஆம் தேதி அனைவருக்கும் பொதுவான தேசிய சுகாதார சேவை தோன்றியது. இவற்றுக்கெல்லாம் சுவரொட்டிகளே காரணமென்று கூறுவது மிகையாகும். எனினும், பொதுநலத்துக்காக உன் சுகத்தைத் துறந்துவிடு என்று வீதிதோறும் எழுதி ஒட்டுகின்ற அரசாங்கம், அந்தப் பொதுநலத்தில் குடிமக்களுக்கும் பங்கு தருவதாக வாக்களித்துவிடுகிறது என்பதையும், கேட்டதைக் கொடுத்த ஜனங்கள் பின்னர் அவ்வாக்கை நிறைவேற்றும்படி கேட்பது நியாயமே என்பதையும் அந்தச் சரித்திரம் ஐயமற நிலைநாட்டுகிறது.