மாஸ்டா எம்எக்ஸ்-5 இயந்திர எண்ணெய் மாற்றம்

மாஸ்டா எம்எக்ஸ்-5 இயந்திர எண்ணெய் மாற்றம் என்பது, ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் தயாரித்த எம்எக்ஸ்-5 என்னும் இரண்டிருக்கை விளையாட்டுத் தானுந்தின் இயந்திரத்திலுள்ள பழைய உயவு எண்ணெயை வடித்து, எண்ணெய் வடிகட்டியை மாற்றி, புதிய எண்ணெயை நிரப்பும் பராமரிப்புப் பணி ஆகும். இதனை உரிமையாளர்கள் பலர் தமது வீட்டிலேயே செய்துகொள்கின்றனர். சில எளிய கருவிகளே இதற்குப் போதுமானவை. எனினும், வடிகால் திருகை மூடுதல், வடிகட்டியைப் பொருத்துதல், எண்ணெய் அளவைச் சரிபார்த்தல் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று பிழைத்தாலும் இயந்திரம் முழுவதும் பழுதாகக்கூடும். இக்கட்டுரை 1989 முதல் 1997 வரை தயாரிக்கப்பட்ட முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 தானுந்துகளைப் பற்றியது.

தானுந்தும் இயந்திரமும்

எம்எக்ஸ்-5 முதன்முதலாக 1989 பெப்ரவரியில் சிக்காகோ தானுந்துக் கண்காட்சியில் காட்சிக்கு வைக்கப்பட்டது. வட அமெரிக்காவில் இது மியாட்டா என்ற பெயராலும், ஜப்பானில் தொடக்கத்தில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயராலும் விற்பனையானது. இயந்திரம் முன்புறத்தில் நெடுக்காக அமைந்துள்ளது. பின் சக்கரங்கள் இயக்கப்படுகின்றன. தொடக்கத்தில் 1.6 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு உருளை இயந்திரமும், 1993 முதல் 1.8 லிட்டர் இயந்திரமும் பொருத்தப்பட்டன.

எண்ணெய் மாற்றத்துடன் தொடர்புடைய சில அமைப்புகள் இவ்வியந்திரத்தில் உள்ளன:

- 1.6 லிட்டர் இயந்திரத்தின் எண்ணெய்த் தொட்டி, எண்ணெயின் வெப்பத்தை வெளியேற்றும் செதில்களுடன் கூடிய அலுமினிய வார்ப்பு ஆகும்.
- எண்ணெய் வடிகட்டி, இயந்திரத்தின் வலப்புறத்தில், காற்று உள்ளிழுப்புக் குழாய்த் தொகுதிக்குக் கீழே மறைந்துள்ளது. புகைபோக்கிக் குழாய்கள் எதிர்ப்புறத்தில் உள்ளன.
- வால்வுகளின் இடைவெளியை எண்ணெய் அழுத்தத்தால் தாமாகவே சரிசெய்துகொள்ளும் சிறு கருவிகள் இதில் உண்டு. எண்ணெய் குறைந்தாலோ அழுக்கடைந்தாலோ இவை 'டிக் டிக்' என்ற ஒலியை எழுப்புகின்றன. புதிய எண்ணெய் இட்டபின் இவ்வொலி குறைவது வழக்கம்.

எண்ணெய் பழுதடையும் காரணங்கள்

இயந்திர எண்ணெய், அசையும் உலோகப் பரப்புகளுக்கிடையே மெல்லிய படலமாக நின்று உராய்வைக் குறைக்கின்றது. அத்துடன் வெப்பத்தைக் கடத்துதல், கரியையும் உலோகத் துகள்களையும் தன்னுள் தாங்கி வடிகட்டிக்குக் கொண்டு செல்லுதல், துருப்பிடிப்பதைத் தடுத்தல் ஆகிய பணிகளையும் செய்கின்றது. உயர் வெப்பநிலையில் எண்ணெய் ஆக்சிசனுடன் வினைபுரிந்து தடிப்படைகின்றது. அதிலுள்ள சேர்க்கைப் பொருட்கள் சிறிது சிறிதாகத் தீர்ந்துபோகின்றன. பெட்ரோல் எரிவதால் உண்டாகும் நீராவியும், எரியாத பெட்ரோலின் ஒரு பகுதியும் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெயில் கலக்கின்றன.

நீண்ட பயணங்களில் எண்ணெய் நன்கு சூடேறுவதால் இந்நீரும் பெட்ரோலும் ஆவியாகிவிடும். குறுகிய தூரமே ஓடும் வண்டிகளில் அவ்வாறு நிகழ்வதில்லை. விளையாட்டுத் தானுந்துகள் பல, விடுமுறை நாட்களில் மட்டும் வெளியே எடுக்கப்பட்டு எஞ்சிய நாட்களில் கொட்டகையில் நிற்பவை. ஆகவே, ஓடிய தூரம் குறைவாக இருப்பினும், ஆண்டுக்கு ஒரு முறையேனும் எண்ணெயை மாற்றுவது நன்று.

எண்ணெய் அளவின் முக்கியத்துவம்

எம்எக்ஸ்-5 இயந்திரம் கொள்ளும் எண்ணெய் மிகக் குறைவானது. வடிகட்டியையும் சேர்த்து மாற்றும்போது 1.6 லிட்டர் இயந்திரத்துக்கு ஏறத்தாழ 3.4 லிட்டரும், 1.8 லிட்டர் இயந்திரத்துக்கு ஏறத்தாழ 3.8 லிட்டரும் தேவைப்படும். சந்தையில் கிடைக்கும் நான்கு லிட்டர் கலனை முழுவதும் ஊற்றிவிட்டால் அளவு மிஞ்சிவிடும்.

எண்ணெய் குறைந்தால் ஏற்படும் தீங்கை எளிய இயற்பியலால் விளக்கலாம். தானுந்து வளைவில் விரைந்து திரும்பும்போது தொட்டியிலுள்ள எண்ணெய் வெளிப்புறமாக ஒதுங்குகின்றது. பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமாகுமானால், எண்ணெயின் மேற்பரப்பு 45 பாகை சாய்ந்து நிற்கும். அப்போது எண்ணெய் உறிஞ்சு குழாயின் வாய் எண்ணெய்க்கு வெளியே வந்துவிட்டால் எண்ணெய் விசையியக்கக் குழாய் காற்றையே இழுக்கும். நிமிடத்துக்கு 6000 சுற்றுகளில் சுழலும் கிராங்க் தண்டு ஒரு நொடியில் 100 முறை சுற்றுகின்றது. அந்நிலையில் சில நொடிகள் எண்ணெய் கிடைக்காவிடினும் பேரிங்குகள் தேய்ந்து உருகத் தொடங்கும். நகரச் சாலையில் மெதுவாகச் செல்லும் குடும்பத் தானுந்தில் அரை லிட்டர் குறைவு வெளிப்படையான தீங்கு எதனையும் காட்டாமல் போகலாம். பந்தயத் தடத்தில் ஓட்டப்படும் விளையாட்டுத் தானுந்தில் அதே குறைவு இயந்திரத்தை அழித்துவிடக்கூடும்.

அளவு மிகுந்தாலும் தீங்கு உண்டு. உயர்ந்து நிற்கும் எண்ணெயைக் கிராங்க் தண்டு கடைவதால் நுரை உண்டாகின்றது. காற்றுக் குமிழிகள் நிறைந்த எண்ணெயால் உறுதியான படலத்தை உருவாக்க இயலாது.

எண்ணெயைத் தேர்ந்தெடுத்தல்

எண்ணெயின் பிசுக்குமை, அமெரிக்காவின் தானுந்துப் பொறியாளர் கழகம் வகுத்த எஸ்ஏஇ எண்களால் குறிக்கப்படுகின்றது. 10டபிள்யூ-30 என்பதில் 'டபிள்யூ' என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள எண் சிறியதாக இருக்குமளவுக்குக் குளிரில் எண்ணெய் எளிதாக ஓடும். பின்னுள்ள எண், இயந்திரம் சூடான நிலையில் எண்ணெயின் பிசுக்குமையைக் காட்டுகின்றது. இத்தானுந்துக்குப் பொதுவாக 10டபிள்யூ-30 எண்ணெயும், கடுங்குளிர் நிலவும் இடங்களில் 5டபிள்யூ-30 எண்ணெயும் பயன்படுத்தப்படுகின்றன. நாட்டுக்கு நாடு பரிந்துரை வேறுபடுவதால் உரிமையாளர் கையேட்டைப் பார்த்து முடிவு செய்யவேண்டும்.

எண்ணெயின் தரத்தை அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏபிஐ குறியீடு காட்டுகின்றது. 2020ஆம் ஆண்டில் அறிமுகமான எஸ்பி தரம், பெட்ரோல் இயந்திரங்களுக்கான முந்தைய எஸ் வரிசைத் தரங்களுக்குப் பதிலாகப் பயன்படுத்தத் தக்கது.

தேவையான பொருட்கள்

- புதிய எண்ணெய், புதிய எண்ணெய் வடிகட்டி, வடிகால் திருகுக்கான புதிய வாஷர்
- 19 மி.மீ. ஸ்பேனர், முறுக்குவிசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச்
- வடிகட்டியைக் கழற்றும் கிண்ண வடிவ ஸ்பேனர்
- உருளை ஜாக்கி ஒன்று, தாங்குகால்கள் இரண்டு, சக்கரக் கட்டைகள்
- ஐந்து லிட்டருக்குக் குறையாத வாயகன்ற தட்டு, புனல், மூடியுள்ள கலன்
- எண்ணெய் புகாத கையுறை, கண்ணாடி, பழந்துணி

செய்முறை

உயர்த்துதல்

வண்டியைச் சமதளமான, உறுதியான தரையில் நிறுத்தவேண்டும். இயந்திரத்தைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்தினால், இளஞ்சூடான எண்ணெய் அழுக்குடன் சேர்ந்து எளிதில் வடியும். கொதிக்கும் அளவுக்குச் சூடாக இருத்தல் கூடாது.

இத்தானுந்து தரையிலிருந்து மிகத் தாழ்வாக உள்ளதால், உயர்த்தாமல் கீழே நுழைதல் கடினம். பின் சக்கரங்களுக்குக் கட்டையிட்டு, கைநிறுத்தியை இழுத்து, முன்புறக் குறுக்குச் சட்டத்தின் நடுவில் ஜாக்கியை வைத்து உயர்த்தவேண்டும். பின்னர் முன் சக்கரங்களுக்குப் பின்னால், பக்கவிளிம்பில் வலுவூட்டப்பட்டுள்ள இடங்களில் தாங்குகால்களை நிறுத்தி வண்டியை அவற்றின் மீது இறக்கவேண்டும். ஜாக்கியின் எண்ணெய் அழுத்தம் எந்நேரமும் இறங்கிவிடக்கூடும். ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் வண்டியின் கீழ் எக்காரணம் கொண்டும் நுழையக்கூடாது. செங்கல், உள்ளீடற்ற சிமெண்டுக் கல் ஆகியவை பாரம் தாங்காமல் திடீரென நொறுங்கக்கூடியவை ஆதலால் தாங்குகால்களுக்கு ஈடாக மாட்டா.

எண்ணெயை வடித்தல்

முதலில் இயந்திரத்தின் மேலுள்ள எண்ணெய் மூடியைக் கழற்றினால் காற்று உட்சென்று எண்ணெய் தடையின்றி வடியும். வடிகால் திருகை 19 மி.மீ. ஸ்பேனரால் தளர்த்தி, இறுதிச் சுற்றுகளை விரல்களால் திருகி எடுக்கவேண்டும். எண்ணெய் முதலில் சற்றுத் தொலைவுக்குப் பாய்ந்து, ஓட்டம் குறையும்போது நேர்கீழாக விழும். தட்டை அதற்கேற்ப நகர்த்தவேண்டும். வடிந்த எண்ணெய் கருத்திருப்பது இயல்பு. அதில் உலோக மினுமினுப்போ, பால் போன்ற வெண்மையோ காணப்பட்டால் முறையே பேரிங் தேய்மானத்தையும் நீர்க் கலப்பையும் ஐயுறவேண்டும்.

வடிந்து முடிந்தபின், பழைய வாஷர் தொட்டியில் ஒட்டியிருந்தால் அதை அகற்றி, புதிய வாஷருடன் திருகை முதலில் கையால் பொருத்தவேண்டும். பின் டார்க் ரெஞ்ச் கொண்டு 30 முதல் 41 நியூட்டன் மீட்டர் வரையான முறுக்குவிசையில் இறுக்கவேண்டும். எஃகுத் திருகை அலுமினியத் தொட்டியில் அளவுமீறி இறுக்கினால் தொட்டியின் மரை அழிந்துவிடும்.

வடிகட்டியை மாற்றுதல்

இப்பணியில் மிகவும் சலிப்பூட்டும் பகுதி இதுவே. வடிகட்டியைக் கண்ணால் காண்பது அரிது; கையால் தடவியே அறியவேண்டும். சிலர் மேலிருந்து குழாய்த் தொகுதிக்கு அடியிலும், சிலர் கீழிருந்து வலது முன் சக்கரத்துக்குப் பின்புறமாகவும் கையை நுழைத்துக் கழற்றுகின்றனர். கழற்றும்போது உள்ளிருக்கும் எண்ணெய் குறுக்குச் சட்டத்தின் மீது வழியும். வடிகட்டிக்குக் கீழே துணியைத் திணித்து வைத்தால் துப்புரவு வேலை குறையும்.

கழற்றிய வடிகட்டியில் அதன் ரப்பர் வளையம் உள்ளதா என உடனே பார்க்கவேண்டும். சில வேளைகளில் அது இயந்திரத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் புதிய வளையம் அமர்ந்தால், அழுத்தம் ஏறியவுடன் இரண்டும் பிதுங்கி எண்ணெய் முழுவதும் விரைவில் வெளியே கொட்டிவிடும். இங்கு வடிகட்டி அமரும் இடம் மறைவாக இருப்பதால், விரலால் தடவியோ சிறு கண்ணாடியைப் பிடித்தோ உறுதி செய்தல் வேண்டும்.

புதிய வடிகட்டியின் வளையத்தில் சிறிது எண்ணெய் பூசி, வளையம் படியும்வரை கையால் திருகவேண்டும். அதன்பின் எவ்வளவு இறுக்கவேண்டும் என்பது வடிகட்டியின் மீதே அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பாலும் முக்கால் முதல் ஒரு சுற்று ஆகும்.

நிரப்புதலும் சரிபார்த்தலும்

குறிப்பிட்ட அளவைவிட ஏறக்குறைய அரை லிட்டர் குறைவாக முதலில் ஊற்றி மூடியை இடவேண்டும். இயந்திரத்தை இயக்கியதும் எண்ணெய் அழுத்தமானியைக் கவனிக்கவேண்டும். வெற்று வடிகட்டி நிரம்பும்வரை சில நொடிகள் அழுத்தம் காட்டாதிருக்கலாம். அதன்பின்னும் முள் உயராவிட்டால் உடனே நிறுத்தவேண்டும். தொடக்க ஆண்டுகளின் வண்டிகளில் உண்மையான அழுத்தமானி உண்டு. 1995 முதல் வந்தவற்றில் முள், அழுத்தம் இருக்கின்றதா இல்லையா என்பதை மட்டுமே காட்டும்.

இயந்திரம் ஓடும்போது, கையையோ தலையையோ வண்டியின் கீழ் நீட்டாமல், பக்கவாட்டிலிருந்து விளக்கொளியில் கசிவு உள்ளதா என நோக்கவேண்டும். பின்னர் இயந்திரத்தை நிறுத்தி, வண்டியைத் தரைக்கு இறக்கி, ஐந்து நிமிடங்கள் கழித்து அளவுகோலைத் துடைத்துச் செருகி எடுத்துப் பார்க்கவேண்டும். முன்புறம் உயர்ந்த நிலையில் அளந்தால் எண்ணெய் பின்னோக்கி ஒதுங்கியிருப்பதால் அளவு தவறாகும். மேற்குறியை எட்டும்வரை சிறிது சிறிதாகச் சேர்க்கவேண்டும். அடுத்த நாள் காலையில், வண்டி நின்ற இடத்தையும் அளவுகோலையும் மீண்டும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

பிற விளையாட்டுத் தானுந்துகளுடன் வேறுபாடு

மேற்கூறிய அளக்கும் முறை எல்லாத் தானுந்துகளுக்கும் பொருந்தாது. 1998 வரை தயாரிக்கப்பட்ட, காற்றால் குளிர்விக்கப்படும் போர்ஷே 911 தானுந்துகள் உலர் தொட்டி முறையைக் கொண்டவை. இவற்றில் எண்ணெய், இயந்திரத்துக்கு வெளியே தனித் தொட்டியில் சேமிக்கப்படுகின்றது. அதனால் வளைவுகளில் உறிஞ்சு குழாய் வறண்டுபோகும் இடர் குறைகின்றது. இவற்றின் எண்ணெய் அளவை, இயந்திரம் நன்கு சூடேறி, சமதரையில் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்கவேண்டும். நின்றபின் எண்ணெயின் ஒரு பகுதி இயந்திரத்துக்குள் இறங்கிவிடுவதால் அளவுகோல் குறைவாகக் காட்டும். இதனை அறியாது மேலும் ஊற்றுவோர், எண்ணெயை அளவுக்கு மீறி நிரப்பிவிடுகின்றனர்.

பழைய எண்ணெயை அகற்றுதல்

பயன்படுத்திய எண்ணெயில் உலோகத் துகள்களும், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பல்வளைய ஐதரோகார்பன்களும் உள்ளன. இதனால் தோலில் நெடுநேரம் படவிடாமல் சோப்பால் கழுவவேண்டும். ஒரு முறை மாற்றும்போது கிடைக்கும் பழைய எண்ணெய், பத்து லட்சம் கேலன் நன்னீரை மாசுபடுத்தக்கூடும் என அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கூறுகின்றது. எனவே சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றுதல் கூடாது.

இத்தானுந்து பெருமளவில் விற்பனையான நாடுகளில் இதற்கு வெவ்வேறு ஏற்பாடுகள் உள்ளன. அமெரிக்காவில் தானுந்து உதிரிப்பாகக் கடைகள் பல பழைய எண்ணெயைப் பெற்றுக்கொள்கின்றன. பிரித்தானியாவில் உள்ளாட்சி மறுசுழற்சி நிலையங்களில் இதற்கெனத் தொட்டிகள் உள்ளன. ஜப்பானில் எண்ணெயை உறிஞ்சும் பொருள் நிரப்பிய அட்டைப் பெட்டிகள் விற்கப்படுகின்றன. உள்ளாட்சி விதிகள் இசையும் இடங்களில் அவற்றை எரிக்கத்தக்க குப்பையுடன் சேர்க்கலாம். பழைய எண்ணெயுடன் பெட்ரோல், குளிர்விப்பு நீர், நிறுத்தி எண்ணெய் ஆகியவற்றைக் கலந்துவிட்டால் அது மறுசுழற்சிக்கு உதவாது. பழைய வடிகட்டியையும் கவிழ்த்து வடியவிட்டபின் எண்ணெயுடன் சேர்த்தே ஒப்படைக்கவேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

- உள் எரி பொறி
- உயவு எண்ணெய்
- பிசுக்குமை
- விளையாட்டுத் தானுந்து