இல்லம் புகுந்த திரையச்சு

அச்சுக்கலை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் கூட்டன்பர்க்கில் தொடங்கிப் பேரெந்திரங்களில் முடித்துவிடுவர். சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் பெற்றோரும் பிள்ளைகளும் அமர்ந்து பதித்த அச்சுக்கு அவர்தம் ஏடுகளில் இடமில்லை. ஆயினும் ஜப்பானில் அத்தகைய அச்சு முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிகழ்ந்தது.

ஜப்பானியர் புத்தாண்டுக்கு உற்றாருக்கும் ஆசிரியருக்கும் ‘நெங்கஜோ’ எனும் வாழ்த்து அஞ்சலட்டை விடுப்பர். குறித்த நாளுக்குள் அஞ்சலில் சேர்ப்பின் சனவரி முதல் நாளன்றே அது உரியவர் இல்லம் சேரும். அட்டைகளோ பல வேண்டும். ஒவ்வொன்றையும் கையால் வரைதல் அரிது. அச்சகத்தில் கொடுத்தாலோ அதில் தம் கைவண்ணம் இராது.

இவ்விடர்ப்பாட்டைத் தீர்த்தவர் ஹயாமா நொபோரு. போரில் நலிந்த நாட்டில் 1946-ஆம் ஆண்டு, மெழுகுத்தாளைக் கீறி மையுருட்டும் எளிய அச்சுத்தொழிலைத் தொடங்கியவர். நம் பள்ளிகளில் முன்னாளில் வினாத்தாள்களை ஸ்டென்சில் வெட்டிச் சுற்றி எடுத்தோமல்லவா, அதற்கு உடன்பிறப்பு அது. விரலில் ஒட்டிய அம்மையை மூத்த ஆசிரியர் மறந்திரார். தம் நிறுவனத்திற்கு அவர் இட்ட பெயர் ‘ரிஸோ’. இலட்சியம் என்பது பொருள். அந்நிறுவனம் 1977-இல் ‘பிரிண்ட் கொக்கோ’ எனும் சிறு பெட்டியை வெளியிட்டது. கொக்கோ என்பது நாம் பருகும் பானமன்று. சிறுவர் கடை வைத்தும் சோறாக்கியும் ஆடும் பாவனை விளையாட்டு.

கரி கலந்த மையால் வரைந்த படத்தைப் பெட்டியில் வைத்து, மெல்லிய படலம் ஒட்டிய வலைத்திரையை அதன்மேல் பொருத்துவர். இரு பல்புகள் கணப்பொழுது பளிச்சிடும். கரி வெப்பத்தை ஈர்ப்பதால் கோடுகள் உள்ள இடத்தில் மட்டும் படலம் உருகித் துளைபடும். குழந்தை வரைந்த வளைந்த கோடு வளைந்தபடியே திரையாகிவிடும்! பிறகு சிவப்பு ஓரிடம், பச்சை ஓரிடம் என மையைப் பிதுக்கி அழுத்தினால், ஒரே அழுத்தில் பல நிறம் பதியும். பழைய முறையில் நிறத்துக்கொரு திரை வேண்டும்.

இதன் முன்னோர் பழையோர். இசே வட்டாரத்துக் கைவினைஞர், பெர்சிம்மன் சாறு ஊட்டிய தாளில் உருவெட்டி, நுண்ணிய பகுதிகள் பெயராதிருக்கப் பட்டு நூலால் பிணைத்துத் துணிக்கு வண்ணமிட்டனர். மான்செஸ்டரின் சாமுவேல் சைமன் திரையச்சுக்குக் காப்புரிமை பெற்றது 1907-இல்.

ஒரு கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள் விற்பனையாயின. பின்னர்க் கணினியும் அதனோடிணைந்த அச்சுப்பொறியும் வீடுகளில் குடியேறின. 2008-இல் பெட்டி விற்பனையும், 2012-இல் திரை, மை, பல்பு ஆகியவற்றின் விற்பனையும் நின்றன. ஒருமுறை எரிந்த பல்பு மறுமுறை எரியாது. கையிருப்புத் தீர்ந்த வீடுகளில் பெட்டி அலமாரிக்குச் சென்றது.