நிழலின் நடுவே ஓர் ஒளிப்புள்ளி

ஒளி துகளா, அலையா என்னும் வழக்கு ஐரோப்பிய அறிஞரிடையே நெடுங்காலம் நடந்தது. நியூட்டனின் புகழால், துகள் என்பாரே மிகுந்திருந்தனர். பொருள்களின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதை விளக்குவோர்க்கு 1817இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகம் பரிசு அறிவித்தது. சாலைப் பொறியாளரான ஃபிரெனெல், ஒளி அலையே என எழுதி 1818இல் அனுப்பினார். முகட்டோடு முகடு சேர்ந்தால் ஒளி மிகும். முகடும் பள்ளமும் சேர்ந்தால் இருள் தோன்றும் என்பது அவர் கொள்கை.

நடுவருள் ஒருவரான புவாசோன் துகள் கட்சியினர். ஃபிரெனெலின் கணக்கையே அவர் மேலும் தொடர்ந்து போட்டார். வட்டத்தகட்டின் விளிம்பெங்குமிருந்து புறப்படும் அலைகள் நிழலின் மையத்தைச் சமதூரம் கடந்து அடைகின்றன. அவ்வாறாயின் அவை ஒன்றுகூடி அங்கே ஒளி தோன்ற வேண்டுமே! இது நடக்கக்கூடியதா என்று மறுத்தார்.

மற்றொரு நடுவரான அரகோ வாதத்தில் இறங்கவில்லை. 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள தகட்டை ஒளியின்முன் நிறுத்திச் சோதித்தார். நிழலின் மையத்தில் ஒளிப்புள்ளி துலங்கிற்று. 1819இல் பரிசு ஃபிரெனெலுக்கே கிடைத்தது.

மறுக்க வந்த கணக்கே சாட்சியாயிற்று. அப்புள்ளி இன்றும் புவாசோன் பெயராலும் வழங்குகிறது. மாற்றார் வாதத்தை எள்ளி ஒதுக்காமல், அதன் முடிவுவரை சென்று பார்த்ததே உண்மையை வெளிக்கொணர்ந்தது என்பதை நாம் உணர்தல் வேண்டும்.