பழைய சோறும் வேலூர் ஆய்வும்



போன மாதம் நமது வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். "தினம் காலையில் பழைய சோறு சாப்பிட்டால் குடல் புண் அறவே போய்விடும், மாத்திரையே வேண்டாம்." நான் வங்கியில் கணக்கு எழுதியவன், மருத்துவன் அல்ல. ஆனால் அந்தச் செய்திக்குப் பின்னால் ஒரு நிஜமான சரித்திரம் இருக்கிறது. அதில் ஒரு பெரிய பங்கு, நம் திருவாலங்காடு ஸ்டேஷனைத் தாண்டி அரக்கோணம், காட்பாடி என்று போகும் இதே ரயில் பாதையில், வேலூரில் நடந்தது.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்தக் குடலையே தாக்கி, வருடக்கணக்கில் ஆறாத புண்ணை உண்டாக்குவதுதான் ஐ.பி.டி. எனப்படும் குடல் அழற்சி. அதில் இரண்டு வகை. பெருங்குடலோடு நிற்பது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்; லண்டனில் சாமுவேல் வில்க்ஸ் 1859-ல் எழுதி வைத்தார். வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரக்கூடியது க்ரோன் நோய். 1932-ல் நியூயார்க்கில் க்ரோனும் அவருடைய சகாக்களும் எழுதினார்கள்.

நெடுங்காலம் இதை வெள்ளைக்காரர் நோய் என்றே நினைத்தார்கள். நம் ஊரில் ரத்தபேதி என்றால் சீதபேதி, அமீபா. வயிற்று வலியோடு உடம்பு இளைத்தால் குடல் காசநோய். அதோடு கணக்கு முடிந்தது. பஞ்சாபில் லூதியானா தயானந்த் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் அஜித் சூத் குழுவினர் வீடு வீடாகப் போய் 51,910 பேரை விசாரித்தார்கள். 23 பேருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருந்தது; லட்சத்துக்கு 44 பேர். 2003-ல் அது வெளிவந்த பிறகு, "இங்கே கிடையாது" என்று யாரும் சொல்ல முடியவில்லை. அதற்கு முன்பே, 1992-ல், இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் குடியேறிய இந்தியக் குடும்பங்களில் இந்த நோய் அங்குள்ள வெள்ளையரைவிட அதிகம் வருவதைக் கண்டிருந்தார்கள். கப்பல் ஏறியதும் மரபணு மாறிவிடாது அல்லவா? மாறியது ஊரும் சாப்பாடும் தண்ணீரும்தான்.

அப்படியானால் மரபணுவுக்கு வேலை இல்லையா? உண்டு. 2001-ல் க்ரோன் நோயோடு தொடர்புள்ள முதல் மரபணுவைப் பிரான்சிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். பெயர் நாட்-2. பாக்டீரியாவின் மேலுறைத் துணுக்கைக் கண்டதும் உடம்புக்குத் தகவல் சொல்லும் காவலாளி அது. நம் கேட்டில் செக்யூரிட்டி வந்தவரைச் சரியாக அடையாளம் காணாவிட்டால் உள்ளே என்ன குழப்பம் வருமோ, அதே கதைதான். உடனே உலகமெங்கும் பரிசோதித்தார்கள். 2008-ல் வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள், டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணா உட்பட, நம் நாட்டு நோயாளிகளிடம் தேடினார்கள். வெள்ளையரிடம் சாதாரணமாகக் காணப்படும் அந்த நாட்-2 மாற்றங்கள் இங்கே இல்லவே இல்லை! நோய் அதே நோய், மரபணுக் கணக்கு வேறு. பிறகு 2015-ல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் தெல்மா குழுவினர் லூதியானா மருத்துவர்களோடு சேர்ந்து, வட இந்தியரிடம் அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்குப் புதிதாக மூன்று மரபணு இடங்களைக் கண்டார்கள். உலக அளவில் இப்போது இருநூறுக்கும் மேற்பட்ட இடங்கள் பட்டியலில் உள்ளன. ஒவ்வொன்றும் சிறு தூண்டல்தான். அச்சு அசலாக ஒரே மரபணு கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும் மற்றவருக்குப் பெரும்பாலும் வருவதில்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பெண் பார்க்கப் போன இடத்தில் "அந்த வம்சத்திலேயே குடல் வியாதி" என்று சொல்லிச் சம்பந்தத்தை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும்.

இனி பாக்டீரியா. சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள நல்ல பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்துச் சில அமிலங்களாக மாற்றுகின்றன. அதில் பியூட்டிரேட் என்பதே பெருங்குடல் உட்சுவரின் முக்கிய ஆகாரம். காலரா நோயாளிகளுக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலோடு செரிக்காத மாவைக் கலந்து கொடுத்து, பேதியின் அளவும் நாளும் குறைந்ததை 2000-ல் வெளியிட்டதும் இதே வேலூர்க் குழுதான். குடல் அழற்சி நோயாளிகளிடம் பியூட்டிரேட் தயாரிக்கும் பாக்டீரியாக்கள் குறைந்திருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. குறைந்ததால் நோயா, நோயால் குறைந்ததா என்பது இன்னும் தீராத வழக்கு.

இப்போது பழைய சோறு. ஆறிய சோற்றில் செரிக்காத மாவு கூடும். இரவெல்லாம் நீரில் ஊறினால் நல்ல பாக்டீரியாவும் பெருகும். அதனால்தான் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில், அரசு நிதியில், குடல் அழற்சிக்குப் பழைய சோறு உதவுமா என்று ஆராயத் தொடங்கினார்கள். வாட்ஸ்அப்பில் வந்தது இதன் வால்தான்; "உதவுமா" என்ற கேள்வி "போய்விடும்" என்று ஆகிவிட்டது. மெசலமைன் போன்ற மாத்திரைகளை நோயாளி தானாக நிறுத்தினால், அடங்கிய நோய் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். பழைய சோற்றைச் சாப்பிடலாமா என்பதையும் டாக்டரிடமே கேளுங்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

இன்னொன்று. மலத்தில் ரத்தம் வந்தால் மூலம் என்று நீங்களே முடிவு கட்டி, மருந்துக்கடையில் களிம்பு வாங்க வேண்டாம். க்ரோன் நோயும் குடல் காசநோயும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். காசநோய் இருப்பவருக்கு அழற்சிக்கான ஸ்டீராய்டு கொடுத்தால் காசநோய் பரவிவிடும். கொலோனோஸ்கோபி செய்து, சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்த பிறகும் மருத்துவர்களே சில சமயம் தடுமாறும் இடம் இது. நம் ஊரிலிருந்து கிழக்கே ரயில் ஏறினால் ஸ்டான்லி, மேற்கே ஏறினால் வேலூர். இரண்டிலும் குடல் நோய்க்குத் தனிப் பிரிவு இருக்கிறது. பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக ஒரே ஃபைலில் போட்டு எடுத்துப் போங்கள்.