பைக்காரா ஆறும் முக்கூர்த்தி நீர்த்தேக்கமும்

சென்னை எல்டாம்ஸ் சாலையிலுள்ள 'தி குரோவ்', சர். சி. பி. இராமசாமி ஐயர் வாழ்ந்த இல்லமாகும். 1923 முதல் 1928 வரை சென்னை ஆளுநரின் நிருவாகக் குழுவில் சட்ட உறுப்பினராக விளங்கிய அவர், நீலகிரியில் பைக்காரா நீர்மின் திட்டம் உருப்பெறப் பெரிதும் பாடுபட்டார். அத்திட்டத்தின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் சமவெளியின் பக்கம் நின்றே கூறுவர். மலையின் பக்கம் நின்றும் அதனை நோக்குதல் வேண்டும் என்பது எம் கருத்து.

பைக்காராவில் மின்னாக்கம் 1932-இல் தொடங்கியது. கிளன்மார்கனிலிருந்து குழாய்வழி ஏறத்தாழ 3,000 அடி கீழிறங்கிய நீர், சிங்காராவிலுள்ள பொறிகளைச் சுழற்றியது. ஆயினும், மழைக்காலத்துப் பெருகி வேனிலிற் சுருங்கும் ஆற்றை மட்டும் நம்பி ஆண்டு முழுவதும் சீராக மின்னாக்குதல் அரிது. அக்குறை நீங்க, மேல்மலையில் முக்கூர்த்தி அணை 1938-இல் கட்டி முடிக்கப்பெற்றது. கோவை வட்டாரத்துப் பஞ்சாலைகள் பெருகவும் கிணற்றுப் பாசனம் விரியவும் இம்மின்சாரம் துணைநின்றது. இப்பயனை எவரும் மறுத்தற்கில்லை.

முக்கூர்த்தி நீர்த்தேக்கத்தை யாம் நேரிற் சென்று கண்டபோது, புல்வெளிகளுக்கும் சோலைகளுக்கும் இடையே அது இயற்கை ஏரியே போலத் தோன்றியது. அந்நீர் யாருக்கு என்ன பொருளுடையதாய் இருந்தது என்பதைக் காட்சியால் அறிதல் இயலாது. நூல்களால் ஓரளவு அறியலாம். டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906-இல் வெளியிட்ட 'தோடர்கள்' என்னும் ஆங்கில நூல், தோடர் பைக்காரா, அவலாஞ்சி ஆகிய ஈராறுகளையும் தெய்வத் தொடர்புடையனவாகப் போற்றியதைக் குறிக்கின்றது. அவற்றைக் கடக்கும்போது அவர்கள் வலக்கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து மதிப்புக் காட்டினர். பைக்காராவுக்குப்பின், கனடா நாட்டு உதவியுடன் நிறைவேறிய குந்தாத் திட்டத்தில், 1960-களில் அவலாஞ்சியிலும் அணை எழுந்தது. தோடர் போற்றிய ஆறுகள் இரண்டும் இவ்வாறு மின்னாக்கத்திற்கு உரியனவாயின.

முக்கூர்த்தி அணை நிறைவெய்திய காலத்தை ஒட்டியே, 1935 முதல் 1938 வரை, எம். பி. எமனோ இந்தியாவில் தங்கித் தோட மொழியை ஆராய்ந்தார் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அவர் தொகுத்த 'தோடர் பாடல்கள்' 1971-இல் வெளிவந்தது. மந்துகள், எருமைகள், இடங்கள் ஆகியவற்றின் பெயர்கள் அப்பாடல்களில் இணையிணையான தொடர்களில் அமைந்து வருகின்றன. பொறியாளர் அறிக்கைகளை ஆராயும் வரலாற்றாளர் இப்பாடல்களையும் சான்றாகக் கொள்ளல் தகும்.

தோட மொழி தமிழோடு உறவுடைய தென்திராவிட மொழி. நிலத்தையும் தெய்வத்தையும் இணைத்துக் கற்கும் தமிழ் மாணாக்கர்க்கு, ஆற்றைத் தெய்வமாகக் கொள்ளும் மரபு அயலானதன்று. ஆதலின், நீலகிரி நீர்த்தேக்கங்களை ஆராயப் புகுவோர், அவற்றின் கரைகளுக்கும் நீரில் மூழ்கிய நிலங்களுக்கும் தோடர் வழங்கும் பெயர்களை அவர்தம் வாய்மொழியாற் கேட்டு, நிலப்படங்களோடு ஒப்பிட்டுப் பதிதல் வேண்டும். அப்பெயர்களை அறிந்த முதியோர் உள்ளபோதே இப்பணி தொடங்கப்பெறுதல் நன்று.